மேசையில் காத்திருக்கும் 41 புத்தகங்கள்

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன், வயது 39. தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்பில் மகளும் நான்காம் வகுப்பில் மகனும் படிக்கிறார்கள். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். படித்த நூல்களைப் பற்றி ஆறு ஆண்டுகளாக வாரம் ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டுவருகிறேன். இப்போது முன்பின் அறியாத எழுத்தாளர்களும் பதிப்பகத்தாரும்கூட நூல்களை அனுப்பிவிட்டு, எப்போது எழுதுவீர்கள் என்று கேட்கிறார்கள். இப்படி வந்தவற்றில் 41 நூல்கள் இன்னும் பாக்கி. இந்த ஆண்டு 100 நூல்கள் படிப்பதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்; 61இல் நிற்கிறேன். பேருந்தில் படிக்கிறேன், இரவு 11 மணிக்கு எழுத உட்கார்ந்தால் ஒன்றரை ஆகிவிடுகிறது, காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். "இதனால் நமக்கு என்ன வருகிறது?" என்று கணவர் கேட்கிறார். போன வாரம் மகள் ஏதோ சொல்ல வந்தாள். "இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன்" என்றேன். நான் போனபோது அவள் தூங்கியிருந்தாள். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் குற்ற உணர்வு வருகிறது. படிக்கும்போதுகூட மேற்கோளுக்கு ஏற்ற வரி எங்கே என்றுதான் கண் தேடுகிறது. இதை அடியோடு விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். விட்டுவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன்: விட வேண்டாம். ஆனால் இப்போது நடக்கிற விதத்தில் தொடரவும் வேண்டாம். நேரம் போதவில்லை என்பதே உங்கள் கடிதத்தின் மேலோட்டமான குறை. நான் அதில் காண்பது வேறொன்று. விருப்பத்தோடு நீங்கள் தொடங்கிய ஒரு வேலை, யாரும் திட்டமிடாமலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கடனாக மாறியிருக்கிறது. அந்த 41 நூல்களைக் குறிப்பிடும்போது "பாக்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுவதும் கணக்கு வழக்கோடு புழங்குகிற உங்களுக்கு அந்தச் சொல்லின் கனம் நன்றாகத் தெரியும்; அது தற்செயலாக வந்து விழுந்த சொல் என்று நான் நினைக்கவில்லை.

ஆர்வம் என்பதை ஒரே பொருளாகப் பேசுவது நம் வழக்கம். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வாலராண்டும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒருவர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டு, வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு மோதாத வகையில் வைத்துக்கொள்ளும் ஆர்வம் ஒரு வகை. அதை இசைவான ஆர்வம் என்று சொல்லலாம். பிறர் தம்மை மதிப்பதும், தம்மைத் தாமே மதித்துக்கொள்வதும் அந்தச் செயலோடு சேர்த்து முடிச்சிடப்பட்டுவிட்டதால், செய்யாமல் இருக்க முடியாமல் செய்வது மற்றொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதே நாற்காலி, அதே விளக்கு, அதே புத்தகம். உள்ளே இருப்பவருக்குத்தான் வேறுபாடு தெரியும். இசைவான ஆர்வம் உள்ளவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தால், மனமும் அவரோடு எழுந்து வரும். மற்ற வகையில், அடுப்பின் முன் நிற்கும்போது கட்டுரை நினைவில் குடையும். கட்டுரை எழுதும்போது அடுப்படி வேலை குடையும். உங்கள் கடிதத்தில் இரண்டாவது வகையின் அறிகுறிகளே மிகுதியாக இருக்கின்றன. அதற்காக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இருந்த ஆர்வம் அழிந்துவிடவில்லை. அதன்மேல் வேறு பொருள்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவே.

ஏறி உட்கார்ந்தவை எவை என்று பார்ப்பதற்கு, உளவியல் மாணவர்கள் அனைவரும் படிக்கும் ஒரு பழைய பரிசோதனை உதவும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் காட்டிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், படம் வரைந்தால் நாடா ஒட்டிய அழகான சான்றிதழ் கிடைக்கும் என்று முன்னதாகவே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. பின்னொரு நாளில், பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வகுப்பறையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்திருந்த குழந்தைகள் மற்ற இரு குழுவினர் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை என்பதை நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர், நீங்கள் எழுதியதைப் படித்து ஒரு நாவலை வாங்கினேன் என்று சொல்லும்போது உங்களுக்கு வரும் மகிழ்ச்சியால் கெடுதல் எதுவும் இல்லை. எழுதுவதற்கு முன்பே அந்த மகிழ்ச்சியைக் கணக்கிட்டு, அதற்கேற்ற வரியைத் தேடிக்கொண்டு படிப்பதுதான் படிப்பின் சுவையைத் தின்கிறது. மேற்கோளுக்காகக் கண் அலைகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியம், கடிதத்தின் மற்ற எல்லா வாக்கியங்களையும்விட என்னைக் கவலைகொள்ள வைத்தது.

எனவே முதலில் 41 நூல்களின் கணக்கைத் தீர்ப்போம். கேட்காமல் வந்த நூல் உங்களைக் கடன்பட்டவராக ஆக்காது. இதைத் தயக்கமின்றி நம்புங்கள். அனுப்பியவர் ஒரு வாய்ப்பை நாடி அனுப்பியிருக்கிறார். நீங்கள் எழுதித்தருவதாகக் கையெழுத்திட்டு வாங்கவில்லை. மதிப்புரைக்காக நூல்கள் வந்து குவிவது தமிழ் இதழ்களுக்குப் பழக்கமான செய்தி. வந்தவை அனைத்துக்கும் மதிப்புரை எழுத இயலாது என்பதால்தான் இதழ்களில் "வரப்பெற்றோம்" என்றொரு பகுதி உண்டானது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, நூல் வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை தரும் நாகரிகமான ஏற்பாடு அது. நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, வந்த நூல்களின் பட்டியலை ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். அனுப்பியவருக்கு மரியாதை செய்ததாகவும் இருக்கும், ஒரு புதிய நூல் வந்திருக்கிறது என்ற செய்தி வாசகரைச் சென்றடைந்ததாகவும் இருக்கும். அந்த 41இல் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றும் ஐந்தோ ஆறோ நூல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை உங்கள் ஊர் நூலகத்துக்கோ மகளின் பள்ளி நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். மேசை காலியாவது கண்ணுக்கும் மனத்துக்கும் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை என்னிடம் ஆலோசனைக்கு வந்த பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அனுப்பியவர்களிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு நிச்சயம் வரும். இப்படி எழுதலாம்: "தங்கள் நூல் கிடைத்தது, மிக்க நன்றி. இனி மாதம் இரண்டு நூல்களைப் பற்றி மட்டுமே எழுதுவதாக இருக்கிறேன். அவற்றை நானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். தங்கள் நூலை வரப்பெற்ற நூல்களின் பட்டியலில் குறிப்பிட்டிருக்கிறேன்." இதற்கு மேல் காரணமோ மன்னிப்போ சேர்க்க வேண்டாம். காரணம் சொன்னால், அந்தக் காரணம் தீர்ந்ததா என்று மூன்று மாதம் கழித்து மீண்டும் கேட்பார்கள்.

மாதம் இரண்டு என்று நான் சொன்னது உங்கள் வேலையின் அமைப்பைப் பார்த்துத்தான். 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. அந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் காலையில் இரண்டரை மணி நேரம் உங்களுக்கு உரியது என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள். பேருந்தில் போக வர நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உங்களுக்குக் கிடைக்கிறது. நின்றுகொண்டே போகும் நாள்களைக் கழித்தாலும், அது ஒரு வாசகருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல சொத்து. அந்த நேரத்தைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பென்சில் வேண்டாம். முதல் வாசிப்பில் அடிக்கோடும் வேண்டாம். நூலை முடித்த பிறகு, எந்த இடம் தானாக நினைவுக்கு வருகிறதோ அந்த இடத்தைத் திரும்பப் போய்ப் பாருங்கள்; கட்டுரைக்கு வேண்டிய மேற்கோள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். படிக்கிற நேரமும் எழுதுகிற நேரமும் பிரிந்துவிட்டால், படிக்கும்போது கட்டுரை குறுக்கே வருவது சில வாரங்களில் குறையும். உடனே குறையாது, பழகிய கண் பழைய வழியிலேயே கொஞ்ச நாள் ஓடும்.

100 என்ற எண்ணை இன்றே விட்டுவிடுங்கள். 61 நூல்கள் படித்திருக்கிறீர்கள், அது போதும். எண்ணிக்கை இலக்கு இருக்கும்போது, 600 பக்க நாவலைத் தள்ளிவைத்துவிட்டு 90 பக்கச் சிறுநூலை எடுக்கும் சபலம் எவருக்கும் வரும். அப்படி நீங்கள் எதைத் தள்ளிவைத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆண்டின் மீதி மாதங்களுக்கு அந்த ஒரு நூலே போதுமானதாக இருக்கலாம்.

தூக்கத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஒன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரம். வளர்ந்த ஒருவர் நாள்தோறும் குறைந்தது ஏழு மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ வல்லுநர் அமைப்புகள் 2015இல் கூட்டாகப் பரிந்துரைத்தன; நீங்கள் அதில் பாதிதான் தூங்குகிறீர்கள். தூக்கம் குறையும்போது முதலில் பழுதுபடுவன கவனமும் பொறுமையும். மதிப்புரை எழுதுவதற்கும் இவையே முதன்மையாக வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு பேசுவதற்கும் இவையே வேண்டும். இரவு பத்தரைக்கு மேல் எழுதுவதில்லை என்பதை வீட்டின் விதியாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றாக இருந்த கட்டுரை மாதத்துக்கு இரண்டாகக் குறைந்தால் இது நடக்கக்கூடியதே.

இனி உங்கள் கணவரின் கேள்வி. "இதனால் நமக்கு என்ன வருகிறது?" என்று அவர் கேட்பதை வருமானத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டு, நாளைக்கு இதிலிருந்து பணம் வரலாம் என்று பதில் சொல்லத் தொடங்காதீர்கள். அப்படிச் சொன்னால் இன்னொரு கடனை நீங்களே உங்கள் தலைமேல் ஏற்றிக்கொள்கிறீர்கள். என் அனுபவத்தில், இப்படிக் கேட்கும் துணைவர்களில் பலர் உண்மையில் சொல்ல வருவது, "நீ இங்கே இருந்தும் இல்லாமல் இருக்கிறாய்" என்பதை. அதை நேரடியாகச் சொல்லத் தெரியாமல் வரவு செலவு மொழியில் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைகள் அருகில் இல்லாதபோது அவரிடம் அமர்ந்து, "எனக்கு இது ஏன் தேவைப்படுகிறது" என்று நீங்கள் சொல்லுங்கள். "உங்களுக்கு எப்போது நான் இல்லாததுபோல் இருக்கிறது" என்று கேளுங்கள்.

அதே பேச்சில் இன்னொன்றையும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சமையல், துப்புரவு போன்ற ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள தூரம் அது. ஆண்களில் பலர் அந்த வேலையில் ஈடுபடுவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஐந்து மணிக்கு எழுவது யார் என்று இருக்கிறது. உங்களோடு வேறு யார் எழுகிறார் என்று இல்லை. உங்களுக்கு நேரம் இல்லாமல் போனதற்குப் புத்தகம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும், நீங்கள் உட்பட, நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். காலைச் சமையலில் ஒரு பகுதியையும், மகனின் வீட்டுப்பாடத்தையும் உங்கள் கணவர் ஏற்றுக்கொண்டால் எத்தனை நிமிடங்கள் விடுபடும் என்று இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் எழுத்துக்காக அவர் செய்யும் உதவியாக இதைக் கேட்காதீர்கள். வீடு இருவருக்கும் உரியது. அந்த அடிப்படையில் கேளுங்கள்.

ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடவும் வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டிப் புதிய நூல்கள் குவியும். அடுத்த இரண்டு மாதங்களில்தான் உங்களுக்கு வங்கியின் ஆண்டிறுதிக் கணக்கு நெருக்கும், பிள்ளைகளுக்குத் தேர்வும் நெருங்கும். புத்தகங்கள் மிகுதியாக வருகிற பருவமும் உங்களுக்கு நேரம் மிகக் குறைவான பருவமும் இப்படி அடுத்தடுத்து வருவதை நீங்கள் ஆறு ஆண்டுகளாக அனுபவித்திருப்பீர்கள். மார்ச் மாதத்தில் எழுதவே மாட்டேன் என்று இப்போதே முடிவு செய்து, முன்கூட்டியே அறிவித்துவிடலாம். ஜனவரியில் வந்த நூலைப் பற்றி மே மாதம் எழுதினால் அந்த நூல் பழசாகிவிடாது. அவசரமாக எழுதிய முதல் மதிப்புரையைவிட, நான்கு மாதம் மனத்தில் ஊறிய மதிப்புரைக்கே வாசகர்கள் நன்றி சொல்வார்கள் என்பது வாசகனாக என் உறுதியான கருத்து.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக உயர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. நல்ல மதிப்புரை எழுதுபவர் அந்த விதியைத்தான் நடைமுறைப்படுத்துகிறார். எதைப் படிக்கலாம் என்று தடுமாறும் ஒருவருக்கு அவர் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறார். அதனால்தான் விட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். நீங்கள் செய்வது பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்க வேலை இல்லை. ஆனால் அந்த விதி உங்களையும் ஒரு வாசகராகக் கணக்கில் சேர்த்தே பேசுகிறது. பிடிக்காத நூலை 50 பக்கத்தில் மூடிவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நூல் வாங்கும் செலவும் வீட்டில் பேச்சாகிறது என்றால், மாதத்துக்கு ஒரு தொகையை இருவருமாக முடிவு செய்துகொண்டு, மீதிக்குப் பொது நூலகத்தைப் பயன்படுத்துங்கள். சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் செலுத்துகிறோம் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். புத்தகத்தைத் தொட்டால் மட்டும் வரும் குற்ற உணர்வு, மேலே சொன்ன மாற்றங்களால் சில வாரங்களில் தணிய வேண்டும். புத்தகம் என்றில்லாமல் எதிலுமே நாட்டமில்லாத நிலையோ, காரணமற்ற அழுகையோ, படுத்தாலும் தூக்கம் வராத நிலையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, உங்கள் மகள். அந்த ஒரு இரவை வைத்து உங்களை நீங்களே மோசமான தாய் என்று தீர்ப்பெழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொன்றுக்குத் திரும்பும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. எந்த இடத்தில் நிறுத்தினோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு நிமிடத்தில் குறித்துவைத்துவிட்டு எழுந்தால் அந்த ஒட்டுதல் குறைகிறது என்று அவருடைய பிந்தைய ஆய்வு கூறுகிறது. இனி மகளோ மகனோ வந்து நின்றால், இரண்டு வரி எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடி, அதை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போங்கள். விரலைப் பக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். பிள்ளைகள் முதலில் அந்த விரலைத்தான் பார்க்கிறார்கள்.

"ஏதோ சொல்ல வந்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் சொல்ல வந்தது என்ன என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்னும் கேட்கவில்லை என்றால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் அன்றே அவளிடம் போய்க் கேளுங்கள். மறந்துவிட்டேன் என்று அவள் சொன்னாலும் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியல் ஆலோசகர்